மூன்றாம் அங்கத்து நாற்காலி

சியெனா நகரத்தில் படித்தவர்கள் நாலு பேர் கூடினால் முதலில் ஒரு அவை தொடங்குவார்கள். அடுத்ததாக அதற்கு ஒரு கோணங்கிப் பெயர் வைப்பார்கள். அப்படிப் பிறந்ததுதான் ‘தும்மல் அவை’. உள்ளே நுழைகிற ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டப்பெயர் சூட்டுவது அங்கே வழக்கம். தலைவர் பந்தோல்ஃபோவுக்குப் பெருந்தும்மல் என்று பெயர். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாகப் போய்ப் பக்கத்தில் நிற்கிற காமில்லோவுக்குக் கைக்குட்டை. லத்தீன் ஆசிரியர் தத்தேயோவுக்கு மூக்கடைப்பு. பக்கத்து வீடு தீப்பற்றி எரிந்தாலும் புத்தகத்தை மூடிய பிறகுதான் இவருக்குப் புகை தெரியும் என்று காரணம் சொன்னார்கள். தத்தேயோ அதற்காக ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

சுளிக்கவும் கூடாது, ஏனென்றால் அவர் அந்த அவையின் தராசு. தராசு என்பது ஒரு பதவி. தவக்காலத்துக்கு முந்திய களியாட்ட நாட்களில் அவை ஊருக்காக ஒரு நகைச்சுவை நாடகம் போடும். எழுதியவர் பெயர் சொல்லாமல் ஏட்டைக் கொடுத்துவிடுவார். நல்ல குரல் உள்ள ஒருவர் அங்கம் அங்கமாக வாசிப்பார். ஒவ்வொரு அங்கம் முடிந்ததும் தராசு எழுந்து, கேட்டதை மட்டும் வைத்துக்கொண்டு, அங்கேயே அலசிச் சொல்ல வேண்டும். கதை எங்கே முடிச்சுப் போடுகிறது, பாத்திரம் பொருந்துகிறதா, சிரிப்பு எதிலிருந்து பிறக்கிறது, நையாண்டி யாரைக் குத்துகிறது என்று ஒன்று விடாமல் சொல்ல வேண்டும். ஐந்து அங்கமும் முடிந்ததும் ‘மேடை ஏறும்’ அல்லது ‘ஏறாது’ என்று தீர்ப்புச் சொல்வார். அவர் சொன்னால் சொன்னதுதான். மேயரே எழுதியிருந்தாலும் மாற்றமில்லை.

இந்த வேலையில் தத்தேயோ கெட்டிக்காரர். மனைவி எர்சிலியா இறந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு அவருக்கு உயிர் கொடுத்த இரண்டு விஷயங்களில் இதுவும் ஒன்று. மற்றதை அவர் யாரிடமும் சொல்வதில்லை.

அன்று மதியம் அவர் படியேறி வந்தபோது கூடம் நிரம்பி இருந்தது. கீழே கம்பளிக் கிடங்கு, மேலே அவை. குளிர்காலம் முழுவதும் அந்த இடத்தில் ஆட்டுமயிர் எண்ணெய் வாடை அடிக்கும். நடுவில் கணப்புச் சட்டி. முன்வரிசையில் காமில்லோ ஒரு நாற்காலியில் தன் தொப்பியை வைத்து இடம் பிடித்திருந்தான். அவரைக் கண்டதும் தொப்பியை எடுத்துக்கொண்டு, பையிலிருந்து மிளகு ரொட்டியில் ஒரு துண்டு உடைத்து நீட்டினான்.

“வாப்பா, மூக்கடைப்பு. உனக்காகத்தான் எல்லாரும் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு உக்காந்திருக்கோம்.”

“நான் கொஞ்சம் லேட்டானா நாடகம் எந்திரிச்சு ஓடிடவா போகுது?”

“நீ இல்லாட்டி இன்னிக்கு நாடகமே கிடையாதுப்பா,” என்றான் காமில்லோ. பின்வரிசையில் யாருக்கோ இருமல் வந்தது. அது இருமல் இல்லை என்பது மூக்கடைப்புக்குத் தெரியவில்லை.

முதல் அங்கம் வழக்கமான கதை. டாக்டர் பிரிஸ்கோ என்று ஒரு லத்தீன் வாத்தியார், மனைவியை இழந்தவர். வீட்டில் தம்பி மகளைப் பூட்டி வளர்க்கிறார். அவளை ஒரு ஏழை மாணவன் காதலிக்கிறான். மீசையை முறுக்குகிற ஒரு ஸ்பானியத் தளபதியும் பெண் கேட்கிறான். மாணவனுக்கு உதவி செய்ய ஒரு வேலைக்காரன் வருகிறான். அவன் பெயர் கொக்கி.

தத்தேயோ எழுந்து தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“முடிச்சு சுத்தமா விழுந்திருக்கு. ஒரே தெரு, ஒரே பகல், அதுவரைக்கும் சரி. தளபதி நமக்குப் பழகின ஆளு. நெசத்துலயே தெருவுல நாலு பேர் அப்படித்தான் திரியறாங்க, அதனால எழுதினவருக்கு அங்க சிரமம் இல்ல. லத்தீன் வாத்தியாரும் பழைய ஆளுதான். எந்த நாடகத்தைத் தொறந்தாலும் ஒரு லத்தீன் வாத்தியார் உதை வாங்கறாரு. நான் இதுக்கெல்லாம் மனசு நோக ஆரம்பிச்சா என் சம்பளம் மருந்துக்கே சரியாப் போயிடும்.”

கூடம் சிரித்தது. கொஞ்சம் அதிகமாகவே சிரித்தது. தத்தேயோவுக்கு உள்ளூர இனித்தது. பிறரைச் சிரிக்க வைக்கும் ஆசை அவருக்கும் உண்டு. பாடம் நடத்தும்போது யாரும் சிரிப்பதில்லை அல்லவா.

இரண்டாம் அங்கத்தில் ஒரு வேடிக்கையான காட்சி வந்தது. வேலைக்காரன் கொக்கி, டாக்டருக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு முட்டாளின் கதையைச் சொல்கிறான். கதையில் வருகிற முட்டாள் வேறு யாருமில்லை, அந்த டாக்டரேதான். அவர் போட்டிருக்கிற பொத்தான் அறுந்த அங்கி, பேச்சுக்கு நடுவே மூக்கைத் தொடுகிற பழக்கம் எல்லாவற்றையும் அப்படியே சொல்கிறான். டாக்டரோ அந்த முட்டாளை நினைத்து வயிறு குலுங்கச் சிரிக்கிறார். ‘இப்படியும் ஒரு மடையன் இருப்பானா?’ என்று கேட்கிறார்.

“இந்த இடத்தைக் கவனிக்கணும்,” என்று தொடங்கினார் தத்தேயோ. மூக்கைத் தொட்டுக்கொண்டார். “மேடையில ஒரே ஒருத்தனுக்கு மட்டும் விஷயம் தெரியாது. கூடம் முழுக்கத் தெரியும். அவன் பேசப் பேச, ஒவ்வொரு சொல்லும் அவனுக்கு ஒரு அர்த்தம், நமக்கு ஒரு அர்த்தம். அங்கதான் சிரிப்பு பொறக்குது. இது நல்ல உத்தி. ஆனா ஒரு குறை சொல்லணும். நம்பும்படியா இல்ல. படிச்ச மனுஷன், அவனுடைய சொந்த அங்கியை விவரிச்சாக்கூட அடையாளம் தெரியாம உக்காந்திருப்பானா? இப்படி ஒரு குருடன் உலகத்துல கிடையாது. இதை எழுதினவர் கொஞ்சம் மிகைப்படுத்திட்டாரு.”

கூடம் வெடித்தது. பந்தோல்ஃபோ பெரியவர் கையில் இருந்த தடி நழுவிக் கீழே உருண்டது. ஒரு வழக்கறிஞர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காமில்லோ குனிந்து தன் காலணியைப் பார்த்தபடி குலுங்கினான். இன்று தன் நாக்கில் சரஸ்வதி குடியிருக்கிறாள் என்று நம் நாட்டில் ஒருவர் நினைத்திருப்பார். தத்தேயோவும் அந்த ரகத்தில் ஏதோ நினைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணல் இலக்கணத்தோடு கெட்டது.

மூன்றாம் அங்கம் தொடங்கியது. டாக்டரின் சாப்பாட்டு அறை. மாலை நேரம். மேசையில் இரண்டு தட்டு. ஒரு நாற்காலியில் டாக்டர். எதிர் நாற்காலியில், செத்துப்போன மனைவியின் பச்சை உடுப்பு சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது.

தத்தேயோவின் வாயில் இருந்த ரொட்டி அப்படியே நின்றது.

வாசிப்பவர் தொடர்ந்தார். டாக்டர் உடுப்புக்கு சூப் ஊற்றுகிறார். வகுப்பில் நடந்ததைச் சொல்கிறார். ‘நீ ஒண்ணும் சொல்லலையே, கோவமா?’ என்று கேட்கிறார். உடுப்பின் கை நாற்காலியிலிருந்து நழுவ, எடுத்து மடிமேல் வைத்துவிட்டு, ‘குளிருதா?’ என்கிறார். கூடத்தில் சிரிப்பு அலையாக எழுந்தது. தத்தேயோ நிமிர்ந்து பார்த்தார். வாசிப்பவரை ஒருவரும் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் தத்தேயோவின் மேல்தான் இருந்தது.

அது அவர் வீட்டுச் சாப்பாட்டு அறை. அது எர்சிலியாவின் உடுப்பு. அவள் போன பிறகு ஒரு மாலை, பெட்டியில் வைக்க மனமில்லாமல் அதை அவர் அந்த நாற்காலியில் போட்டார். மறுநாள் அதற்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டபோது சோறு இறங்கியது. அதிலிருந்து தினமும் அப்படித்தான். பைத்தியம் இல்லை அவர். உடுப்பு உடுப்புதான் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அதற்கு எதிரே உட்கார்ந்தால் பேச வருகிறது. வேறு எங்கேயும் வருவதில்லை. அவர் யாரிடமும் சொல்லாத இரண்டாவது விஷயம் இதுதான்.

முதலில் வேலைக்காரி நென்சாவின் மேல்தான் சந்தேகம் போனது. தட்டு வைப்பவள் அவள். குழாயடியில் வாயாடுபவளும் அவள்தான். பாவி, ஊரெல்லாம் சொல்லிவிட்டாளே என்று பல்லைக் கடித்தார். அந்தக் கோபம் கொஞ்ச நேரம்தான் நிலைத்தது.

வாசிப்பவர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். கொக்கி உள்ளே வருகிறான். டாக்டர் பதறி எழுகிறார். கொக்கி சிரிக்கவில்லை. நெஞ்சில் கைவைத்து, தலையை ஒரு பக்கமாய்ச் சாய்த்து, உடுப்புக்கு வணக்கம் சொல்கிறான். “‘இந்த இடத்தில் குரல் அடைக்க வேண்டும்’ன்னு ஏட்டுல குறிப்பு போட்டிருக்கு,” என்று வாசிப்பவர் சொல்லிவிட்டு, குரலை அடைத்துக்கொண்டு வாசித்தார்.

“‘அம்மணி, எனக்கும் ஒரு கிண்ணம் சூப் கிடைக்குமா?’”

இந்தச் சொற்களை அவர் தன் வீட்டிலேயே ஒரு மாலை கேட்டிருந்தார். அன்று நென்சா வீட்டில் இல்லை. அக்காள் பிரசவத்துக்குப் போயிருந்தாள். கதவைத் தட்டாமல் உள்ளே வந்தது ஒரே ஒரு ஆள். தத்தேயோ வெட்கத்தில் செத்துப்போய் நின்றபோது, அந்த ஆள் நெஞ்சில் கைவைத்து, தலை சாய்த்து, குரல் அடைக்க, இதே சொற்களைச் சொன்னான். பிறகு உட்கார்ந்து சூப் குடித்தான். உடுப்பைப் பார்த்து இரண்டு வார்த்தை பேசினான். போகும்போது தத்தேயோவின் தோளை அழுத்திவிட்டுப் போனான். அன்று இரவு தத்தேயோ அழுதார். தனக்கு ஒரு நண்பன் இருக்கிறான் என்று அழுதார். தன் வாழ்க்கையில் தனக்குச் செய்யப்பட்ட பெரிய நன்மை அதுதான் என்று இந்த நிமிஷம் வரை நம்பிக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். காமில்லோ கையைக் கோத்து மடியில் வைத்துக்கொண்டு, எந்த வரிக்கு எவ்வளவு சிரிப்பு விழுகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

மீதிக் காட்சி ஓடியது. கொக்கி நாற்காலிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு செத்தவளின் குரலில் பேசுகிறான். தம்பி மகளை அந்த மாணவனுக்கே கொடு என்று கட்டளை போடுகிறான். டாக்டர் மண்டியிட்டு அழுது சம்மதிக்கிறார். கூடத்தில் சிலர் மேசையைத் தட்டினார்கள்.

இந்த ஊரில் ஒருவனைப் பொறிவைத்துப் பிடித்து ஏமாற்றுவது ஒரு கலை. அதற்கு மாதக்கணக்கில் திட்டம் போடுவார்கள், வேஷம் கட்டுவார்கள், பாதிரியாரையும் கூட்டுச் சேர்ப்பார்கள். அகப்பட்டவன் செய்யவேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவனும் சேர்ந்து சிரிக்க வேண்டும். சிரித்தால் அவன் ஆண்பிள்ளை, ஊர் அவனைத் தோளில் தூக்கும். கோபித்தால் அவன் பேரப்பிள்ளை வரைக்கும் கதை சொல்லுவார்கள். நாடகம் மேடைக்காக எழுதப்பட்டது உண்மைதான். ஆனால் இன்றைய நாடகம் வேறு. தன்னையே தன் வாயால் அலச வைத்து, ‘இப்படி ஒரு குருடன் உலகத்தில் கிடையாது’ என்று தன்னைக் கொண்டே சொல்ல வைத்து வேடிக்கை பார்ப்பதுதான் இன்றைய நாடகம். தத்தேயோவுக்கு எல்லாம் புரிந்தது. இப்போது எழுந்து பேசவேண்டியது அவர் முறை.

எழுந்தார். மேசையைப் பிடித்துக்கொண்டார்.

“இந்தக் காட்சி,” என்றார். “நல்லா எழுதியிருக்கு. அதைச் சொல்லாம இருக்க முடியாது. பதில் வராத இடத்துல ஒருத்தன் கேள்வி கேக்கறான், அந்த மௌனத்துலதான் சிரிப்பு இருக்கு. கை நழுவறது, எடுத்து வைக்கறது, அது உக்காந்து யோசிச்சு எழுதினா வராது. பாத்திருக்கணும்.”

மேசையிலிருந்து கையை எடுத்து, விரலை நீட்டினார்.

“ரெண்டு குறை இருக்கு. முதல் குறை. நையாண்டின்னா குத்தத்தை அடிக்கணும். தளபதி பீத்திக்கறான், அடிங்க. டாக்டர் பொண்ணைப் பூட்டி வைக்கறாரு, அடிங்க. ஆனா இந்தக் காட்சியில அந்த ஆள் பண்ற குத்தம் என்ன? சாயங்காலம் சாப்பிடறாரு. அவ்வளவுதான். குத்தத்துல அடி விழல, புண்ணுல விழுது.”

பந்தோல்ஃபோ பெரியவர் தடியை ஊன்றி முன்னால் சாய்ந்தார்.

“தம்பி தத்தேயோ, போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அந்த நொண்டி மருந்துக்கடைக்காரனை வெச்சு ஒரு நாடகம் வந்துச்சே. அவன் மகன் வந்து அழுதான், போடாதீங்கன்னு. அப்ப நீ என்ன சொன்ன, ஞாபகம் இருக்கா? ‘சிரிப்பு யாருக்கும் கடன்பட்டது இல்ல. தாங்க முடியாதவன் கூடத்துக்கு வராம இருக்கட்டும்’னு இதே இடத்துல நின்னு சொன்ன. நாங்க எல்லாரும் கை தட்டினோம்.”

“சொன்னேன்,” என்றார் தத்தேயோ. “தப்பாச் சொன்னேன்.”

“இன்னிக்குத்தான் தெரிஞ்சுதா?”

“இன்னிக்குத்தான் தெரிஞ்சுது.”

லேசான சிரிப்பு ஒன்று எழுந்து அடங்கியது. பெரியவர் கையைக் காட்டினார். “ரெண்டாவது குறை?”

“ஒரு பாத்திரம் காணோம்.”

இப்போது காமில்லோ தலையைத் தூக்கினான்.

“டாக்டர் கதவைச் சாத்திக்கிட்டுச் சாப்பிடறாரு. ஜன்னலும் சாத்தியிருக்கு. அப்ப கொக்கிக்கு எப்படித் தெரிஞ்சுது, இந்த நாற்காலி விஷயம்? காத்துல வந்துதா? கதையில அதுக்கு வழியே இல்ல. அந்த வீட்டுக்கு வந்து போற ஒருத்தன் இருந்தாத்தான் இந்தக் கதை நடக்கும். டாக்டர் நம்பின ஒருத்தன். அவர் தட்டுல சாப்பிட்டவன். அவன்தான் மொதல்ல பாத்திருக்கணும், அவன்தான் வெளிய சொல்லியிருக்கணும். எழுதினவர் அவனை மட்டும் கத்தரிச்சுட்டு, அவன் பேசின பேச்சை எடுத்து வேலைக்காரன் வாயில வெச்சிருக்காரு. நாடகத்துலயே பெரிய பாத்திரம் அவன்தான். மேடைக்கு வர அவனுக்கு மட்டும் ஏன் வெக்கம்னு எனக்குப் புரியல.”

யாரும் சிரிக்கவில்லை. காமில்லோவின் காது சிவந்திருந்தது. ஒரு நொடி, ஒரே நொடி, அவன் எழுந்து ஏதாவது சொல்லுவான் என்று தத்தேயோ காத்திருந்தார். அவன் சொல்லவில்லை.

“குறிச்சுக்கறோம்,” என்றார் பெரியவர். “மேல வாசிங்க.”

நாலாம் அங்கமும் ஐந்தாம் அங்கமும் அவர் காதில் பாதிதான் விழுந்தன; அலசலை ஒவ்வொரு வரியில் முடித்துக்கொண்டார். அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். ‘ஏறாது’ என்றால் நாடகம் செத்தது. ஆனால் ஏன் செத்தது என்று சாயங்காலத்துக்குள் ஒவ்வொரு மதுக்கடையிலும் பேசுவார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா. எர்சிலியாவின் உடுப்பு கண்ட கண்ட வாயில் போய் விழும். ‘ஏறும்’ என்றால் அதே உடுப்பு விளக்கு வெளிச்சத்தில் நாற்காலியில் உட்காரும். ஊரே சிரிக்கும். அவளோடு கோயிலுக்குப் போய்வந்த பெண்கள் விசிறிக்குப் பின்னால் சிரிப்பார்கள். எந்தப் பக்கம் போனாலும் அவளுக்குச் சிரிப்புத்தான் மிச்சம்.

இதில் இன்னொரு வேதனையும் இருந்தது. நாடகம் நன்றாக இருந்தது. பல வருஷங்களில் அவர் கேட்டதிலேயே அதுதான் சிறந்தது. திருடன் வீட்டுக்குள் புகுந்து பொருளை எடுத்தான், சரி. எடுத்ததை இவ்வளவு அழகாக அடுக்கியும் வைத்திருந்தான்.

“தராசு என்ன சொல்லுது?” என்று கேட்டார் பெரியவர்.

தெரிந்தே பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. “மேடை ஏறும்,” என்றார்.

கூடம் எழுந்து நின்றது. கட்டிப்பிடித்தார்கள். முதுகில் தட்டினார்கள். வழக்கறிஞர் அவர் கன்னத்தில் முத்தமிட்டார். “எங்க மூக்கடைப்பு தங்கம்யா, எவ்வளவு பெரிய மனசு பாரு,” என்று யாரோ கத்தினார்கள். தத்தேயோ உதட்டை இழுத்துச் சிரிக்கிற மாதிரி வைத்துக்கொண்டார். மற்றவர்களுக்கு அது போதுமாக இருந்தது.

வீட்டுக்குப் போகிற வழியில் காமில்லோ கூடவே வந்தான். சரிவுத் தெருவில் பாதி தூரம் போனதும் கையைப் பிடித்தான்.

“கோவமாப்பா?”

“நீ எழுதினதுதானே?”

“ஆமா. உனக்குத் தெரியாமலா. ஆனா ஒண்ணு சொல்றேன், நீ இன்னிக்கு நின்ன பாரு, யாராலயும் முடியாது. அந்த ‘காணாமப் போன பாத்திரம்’, அது சும்மா சொன்னதுன்னு நினைச்சுடாத. நெஜமாவே குறைதான். எழுதும்போதே எனக்கு உறுத்துச்சு. சேர்த்துடறேன்.”

தத்தேயோ நின்றார். “சேர்த்துடறியா?”

“முதல் அங்கத்துலயே ஒரு நண்பனைக் கொண்டுவந்துட்டா முடிச்சு சரியாயிடும். நீ சொன்ன மாதிரி.”

உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவனைத் தத்தேயோ படித்திருக்கிறார், பாடமும் நடத்தியிருக்கிறார். ஆனால் அவன் இப்படி உற்சாகமாக நடந்து வருவான் என்று எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்கவில்லை. அவன் மேல் கோபம் வரவேண்டிய இடத்தில் ஒரு கேள்விதான் வந்தது. அதைக் கேட்கவும் பயமாக இருந்தது.

“காமில்லோ. அன்னிக்கு நீ சூப் கேட்டியே. அது நெசமா?”

“என்னப்பா கேள்வி இது. சத்தியமா நெசம். என் தொண்டை அடைச்சுதே, நீயே பாத்தியே. வீட்டுக்குப் போற வழியிலதான், இந்தத் திருப்பத்துல, அது நாடகத்துக்கு ஆகுமேன்னு தோணுச்சு. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?”

தத்தேயோவுக்கு மூச்சு கொஞ்சம் இறங்கியது. நாடகம் போகட்டும், ஊர் சிரிப்பும் போகட்டும். அந்த ஒரு மாலை நிஜம் என்றால், அதை வைத்துக்கொண்டு மீதியைத் தாங்கிவிடலாம். இவனை மன்னிக்கக்கூட முடியும் என்று தோன்றியது. அப்படி நினைத்துக்கொண்டே வாசல்வரை வந்தார்.

காமில்லோ போகாமல் தயங்கினான்.

“இன்னொரு விஷயம். தப்பா நினைச்சுக்காத. நம்ம நாடகத்துக்கு உடுப்பெல்லாம் வீடுகள்லேருந்துதான் வாங்கறோம், உனக்குத் தெரியுமே. வழக்கறிஞர் வீட்டம்மா ஒண்ணு தரேன்னாங்க, அது பட்டு, பளபளன்னு இருக்கு. அது வேணாம். பழகின உடுப்பா இருந்தாத்தான் அந்தக் காட்சி நிக்கும். அந்தப் பச்சை உடுப்பை மூணு நாளைக்குக் குடேன். ஒரு கறை படாமத் திருப்பிக் கொடுத்துடறேன்.”

தத்தேயோ அவனையே பார்த்தார். பிறகு கதவைத் திறந்து பிடித்தார்.

“உள்ள வா. உடுப்பு என்னுது இல்ல. அவகிட்டயே கேளு.”

நென்சா ஏற்கெனவே தட்டுகளை வைத்திருந்தாள். உடுப்பு தன் நாற்காலியில் இருந்தது. காமில்லோவைக் கண்டதும் அவள், “இன்னிக்கு மூணு தட்டா ஐயா?” என்றாள். சட்டியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

காமில்லோ வெட்கப்பட்டு வெளியே போயிருந்தால் கதை வேறு. திணறியிருந்தால்கூட வேறு. தத்தேயோ மனதுக்குள் அதைத்தான் வேண்டிக்கொண்டார். ‘திணறுடா, என் கண்ணு, ஒரு தடவை திணறு.’

காமில்லோ நாற்காலிக்கு முன்னால் போனான். நெஞ்சில் கைவைத்தான். தலையை ஒரு பக்கமாய்ச் சாய்த்தான். பேசுவதற்கு முன்னால் அவன் குரல் சற்றே அடைத்தது.

“அம்மணி, உங்க உடுப்பு மூணு நாளைக்குக் கிடைக்குமா?”

அதே அடைப்பு. அதே இடம். இம்மி பிசகவில்லை. ஒரு வருஷமாகத் தத்தேயோ தன் நெஞ்சில் பொத்திவைத்திருந்தது அது. ராத்திரியில் தூக்கம் வராதபோது எடுத்து எடுத்துப் பார்த்தது அது. எனக்காக ஒருவன் தொண்டை அடைத்ததே என்று ஆறுதல் தேடியது அது. அவனுக்கு அது கூப்பிட்டால் வரும் பொருள்.

“ஐயா?” என்றாள் நென்சா.

தத்தேயோ நண்பனைப் பார்க்கவில்லை. நாற்காலியைப் பார்த்துத்தான் பேசினார். வழக்கம்போல மெதுவாக, வீட்டுப் பேச்சில் பேசினார்.

“எர்சிலியா, இவன் அன்னிக்கும் உன்னைப் பாக்கல. நாங்க ரெண்டு பேருமா உன்னைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம்னு நான்தான் நினைச்சுட்டேன். நான் தனியாத்தான் இருந்திருக்கேன்.”

தத்தேயோ திரும்பினார். காமில்லோவின் கண்கள் கலங்கித்தான் இருந்தன. ஆனால் அவன் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. ‘நான் தனியாத்தான் இருந்திருக்கேன்’ என்று, வீடு போய்ச் சேரும் வரை மறக்காமல் இருக்க, சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“வெளிய போ,” என்றார் தத்தேயோ.

அவன் போனான். உடுப்பு கிடைக்காத வருத்தத்தைவிட ஏதோ கிடைத்துவிட்ட அவசரம் அவன் நடையில் இருந்தது. நென்சா கதவைச் சாத்திவிட்டு வந்து இரண்டு தட்டிலும் சூப் ஊற்றினாள். தத்தேயோ தன் இடத்தில் உட்கார்ந்தார். அவை, நாடகம், காமில்லோ எல்லாவற்றையும் சொல்லி அழ அவருக்கு இந்த ஒரு நாற்காலிதான் இருந்தது. வாயைத் திறந்தார். இனி இங்கே எதைச் சொன்னாலும் அது வசனம்தான் என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டு, எதிரில் இருந்த உடுப்பைப் பார்க்காமல் சாப்பிடத் தொடங்கினார்.